புகை வந்ததும் "ரிங்" என்று சொல்லாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். மிச்சமிருப்பவர்களில் பாதிப் பேரிடம் ஒரே புலம்பல்தான். "இன்ஜின் வேலை பார்த்து மூணு மாசம்கூட ஆகலை சார், மறுபடியும் புகை தள்ளுது, ஆயில் சாப்பிடுது." அதைக் கேட்கும் மெக்கானிக், பானட்டைக்கூடத் திறக்காமல் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "ரிங் செட்டாகலை சார். இறக்கிப் பார்த்துடலாம்."

இந்த "இறக்கிப் பார்த்துடலாம்" இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்காத வார்த்தை. பஸ் பணிமனையில் இன்ஜின் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். அங்கே ஒரு இன்ஜினை இறக்க வேண்டுமானால் முதலில் ரிஜிஸ்டரைக் கேட்பார்கள். எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அதற்குள் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினோம் என்ற கணக்கு இல்லாமல் யாரும் ஸ்பேனரைத் தொட முடியாது. வெளியே தனியார் பட்டறைகளில் அந்தக் கணக்கைக் கேட்பவர் அபூர்வம். வண்டிச் சொந்தக்காரரும் எழுதி வைப்பதில்லை. "நிறைய ஆயில் போகுது" என்பார். நிறைய என்றால் எவ்வளவு? ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டரா, ஒரு லிட்டரா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அம்பாசடர் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக வந்த, இங்கிலாந்தின் பிஎம்சி பி-சீரிஸ் வம்சம். தலையில் வால்வு, பக்கத்தில் புஷ்ராடு, எல்லாம் கையால் தொட்டு வேலை செய்யக்கூடிய எளிய இன்ஜின். ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டிருந்தார். பெரிய தொகை. வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தது. ஆனால் பின்னால் நீலப் புகை, முன்பைவிட அதிகம். வேலை பார்த்த பட்டறைக்காரர், போர் சரியாக வரவில்லை, மறுபடியும் பெரிய சைஸ் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பதிவைப் புதுப்பிக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. மகன் சென்னையிலிருந்து போன் போட்டு, "இதுக்கு மேல ஒரு ரூபா போடாதீங்கப்பா, காயலான் கடைக்குக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டான். அவர் மனைவி உட்கார்ந்து போன முதல் வண்டி அது. இப்போது அந்த அம்மா இல்லை. அவருக்குக் கொடுக்க மனசு வரவில்லை, செலவழிக்கவும் பயம்.

நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "புகை எப்போ வருது?"

"எப்பவும் வருது சார்."

எப்பவும் என்று எந்த வண்டியும் புகை விடுவதில்லை. கவனித்துப் பார்த்தால் அதற்கு ஒரு நேரம் இருக்கும். அந்த நேரம்தான் பாதி நோயைச் சொல்லிவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குபுக், பிறகு சுத்தம் என்றால் இரவெல்லாம் வால்வு கைடு வழியாக ஆயில் சொட்டியிருக்கிறது. சிக்னலில் ஐடிலிங்கில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது வந்தாலும் பெரும்பாலும் அதே இடம்தான். மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி ஏறும்போது விடாமல் வந்துகொண்டே இருந்தால் அப்போது ரிங்கைச் சந்தேகப்படலாம்.

ஏற்காடு மலைக்குப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற பாதை. இதைவிட நல்ல சோதனைக்கூடம் எந்தக் கம்பெனியிடமும் கிடையாது என்பது என் அபிப்பிராயம். நான் பின்னால் இன்னொரு வண்டியில் போனேன். ஏறும்போது, இரண்டாவது கியரில் இன்ஜின் முழு பாரத்தையும் இழுக்கிறபோது, புகை இல்லை என்றே சொல்லலாம். இறங்கும்போது அவரிடம், "கியரிலேயே விடுங்க, ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க" என்று சொல்லியிருந்தேன். அடிவாரத்துக்கு வந்து சமதளத்தில் அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வந்ததே ஒரு நீல மேகம், என் கண்ணாடியே மறைந்துபோனது.

காரணம் எளிது. இறக்கத்தில் கார்புரேட்டரின் த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றுகிறது. உள்ளே வரக் காற்று இல்லாமல் இன்லெட் மேனிஃபோல்டில் பலமான வெற்றிடம் உண்டாகிறது. இன்லெட் வால்வின் தண்டுக்கும் கைடுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், ராக்கர் பக்கம் நிற்கிற ஆயிலை அந்த வெற்றிடம் உறிஞ்சிவிடும். மிதித்ததும் சேர்ந்த ஆயில் மொத்தமாக எரியும்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. "அப்போ வேலை பார்க்கறதுக்கு முன்னாடி இவ்வளவு புகை இல்லையே சார்?" இதைப் பல பட்டறைகள் யோசிப்பதே இல்லை. பழைய ரிங்கில் இன்ஜினுக்கு உறிஞ்சும் பலமே இல்லை. புது பிஸ்டன், புது ரிங் போட்டதும் வெற்றிடம் பலமாகிவிட்டது. தேய்ந்த கைடு அப்படியே இருந்தது. கீழ் வேலை நன்றாக அமைந்ததால்தான் மேலே இருந்த குறை வெளியே தெரிந்தது. பட்டறைக்காரர் தன் நல்ல வேலையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார், பாவம். ஹெட்டுக்கு என்ன செய்தார்கள் என்று பில்லைப் பார்த்தேன். "வால்வு கிரைண்டிங்" என்று ஒரு வரி. கைடு பற்றி ஒன்றுமில்லை. பாதி இன்ஜினுக்கு வேலை பார்த்துவிட்டு முழு இன்ஜின் என்று பில் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது.

இருந்தாலும் மலையை மட்டும் நம்பி ஹெட்டைக் கழற்றச் சொல்லவில்லை. கம்ப்ரஷன் பார்த்தோம். இன்ஜின் சூடாக, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு. நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. கேஜ் காட்டும் எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம்தான் முக்கியம். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தம் நன்றாக ஏறும். இங்கே ஏறவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் ரிங் மேல் குற்றமே இல்லை என்று அர்த்தமல்ல. அழுத்தத்தைப் பிடிப்பது மேல் ரிங்குகள். சுவரிலிருக்கும் ஆயிலை வழித்து இறக்குவது கீழே இருக்கிற ஆயில் ரிங். அது மாட்டும்போது மடங்கியிருந்தாலோ, அதன் விரிப்பான் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, கேஜ் அருமையாகக் காட்டும், வண்டி புகையும் விடும். அதனால்தான் மலை, கேஜ், பிளக் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒரே ஒரு பிளக் மட்டும் ஆயிலில் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரோடு விசாரணையை நிறுத்திக்கொள்ளலாம். நான்குக்கும் சேர்த்துத் தண்டனை எதற்கு?

ஹெட் இறங்கியது. இந்த இன்ஜினில் அதற்கு இன்ஜினை வண்டியிலிருந்து எடுக்கத் தேவையில்லை. இன்லெட் வால்வுகளின் முதுகில் ஈரமான கறுப்புக் கரி, விரல் தடிமனுக்கு. பிஸ்டன் தலைகளின் ஓரம் காய்ந்திருந்தது. ரிங் வழியாக ஆயில் ஏறியிருந்தால் அந்த ஓரம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். வால்வைக் கைடில் விட்டு ஆட்டினால் கையிலேயே ஆட்டம் தெரிந்தது. தண்டில் போடுகிற சின்ன ரப்பர் வளையங்கள் கல்லாக இறுகியிருந்தன. புது கைடு அடித்து, ரீமர் விட்டு, சீட்டு வெட்டி, புது வளையம் போட்டுப் பூட்டினார்கள். அந்த வளையத்தை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்த பிறகு, காலெட் போடுவதற்கு முன்னால் மாட்ட வேண்டும். முதலிலேயே தண்டில் போட்டுவிட்டு மேலே தொப்பியைத் திணித்தால் வளையம் அறுந்துவிடும், புகை மறுபடியும் அங்கேயே நிற்கும். செலவு, பட்டறைக்காரர் மறு ரீபோருக்குக் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு முறை போர் அடித்திருந்தால் பணத்தோடு பிளாக்கின் ஆயுளிலும் ஒரு பங்கு போயிருக்கும். கடைசி ஓவர்சைஸ் தாண்டிவிட்டால் லைனர் போடுவதுதான் வழி.

எல்லாப் புகைக்கும் கைடுதான் காரணம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதுவும் "ரிங்" என்று கண்ணை மூடிச் சொல்வது மாதிரிதான். ஒரு பைசா செலவில்லாத காரணங்களை முதலில் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவுக் கோட்டுக்கு மேல் இருக்கிறதா? "கொஞ்சம் அதிகமா இருக்கட்டும்" என்று ஊற்றுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. கிராங்க் ஆயிலை அடித்துக் கடைந்து சிலிண்டர் சுவரெல்லாம் வாரி இறைக்கும். அடுத்து ப்ரீதர் குழாய். அது அடைத்துக்கொண்டால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் போகக்கூடாத வழியெல்லாம் போகும். எத்தனையோ வண்டியில் பெயிண்ட் அடிக்கும்போது மூடிய துணி அப்படியே உள்ளே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப் புகை என்றால் தண்ணீரைப் பாருங்கள், ஹெட் கேஸ்கட் பேசுகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், சோக் முழுக்கத் திரும்பியிருக்காது. இந்த நிறங்களைப் பிரித்துப் பார்க்காமல் "புகை" என்ற ஒரே வார்த்தையில் பேசிக்கொள்வதால்தான் பாதி இன்ஜின்கள் இறங்குகின்றன.

சொந்தக்காரர்கள் பக்கமும் தவறு இருக்கிறது. புது ரிங் போட்ட இன்ஜினை "பார்த்துப் பார்த்து" ஓட்டுகிறேன் என்று வீட்டு வாசலில் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடுகிறார்கள். ஹோனிங் செய்த சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் இருக்கும். ரிங் அந்தக் கீறலில் உரசித்தான் தன் இடத்தைப் பிடிக்கும். அதற்கு மேலிருந்து அழுத்தம் வேண்டும். அழுத்தம் இல்லாமல் சும்மா ஓடினால் சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும், அதன் பிறகு ரிங் பிடிக்காது. நிதானமான வேகத்தில், ஏற்றி இறக்கி, கொஞ்சம் பாரம் கொடுத்து ஓட்ட வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் சாதாரண மினரல் ஆயில் போதும். விலை அதிகமான முழு சிந்தடிக்கை முதல் நாளே ஊற்றுவது நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிற கெடுதல். அந்த முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் புகை வருவது இயல்பு. அதற்குள் இறக்கிப் பார்க்கச் சொல்கிறவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புகை நிற்க பாட்டில் மருந்து ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். வண்டியை விற்கப் போகிறவர்கள் ஊற்றுவது அது. வைத்திருக்கப் போகிறவருக்குத் தேவையில்லை.

சேலத்துக்காரர் இப்போது டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கைப் பார்த்து எழுதுகிறார். சென்ற வாரம் அந்த நோட்டைக் காட்டினார். இரண்டு முறை எழுதியதில் ஆயில் மேல் கோட்டிலிருந்து கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. பதிவுப் புதுப்பிப்புக்கு அடுத்த திங்கட்கிழமை போகிறார்.