அழைக்கப்படாத மதிப்பாய்வாளர்கள்

2020 மே 22 அன்று ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. 671 மருத்துவமனைகளில் சேர்ந்த 96,000 கொரோனா நோயாளிகளின் விவரங்களை அலசியதாகவும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்துக்கொண்டவர்களிடம் இறப்பு அதிகம் என்றும் அது சொன்னது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் பரிசோதனையை நிறுத்திவைத்தது. ஆனால், ஆஸ்திரேலியாவில் இறந்தவர்கள் என்று கட்டுரை காட்டிய எண்ணிக்கை அந்நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கையே மிஞ்சியிருந்தது. தரவுகளைத் தந்த சர்ஜிஸ்பியர் நிறுவனமோ அவற்றைச் சரிபார்க்கக் கொடுக்க மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே நிறுவனத்தை நம்பி ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட இன்னொரு கட்டுரைக்கும் அன்றே அதே கதி.

இரண்டுமே, வெளியாகும் முன் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் மதிப்பாய்வாளர்களின் கண்ணைத் தாண்டி வந்த கட்டுரைகள். அந்த ஆண்டு செப்டம்பரில் லான்செட் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. கட்டுரையில் உள்ள தரவுத் தொகுப்பின் நெளிவுசுளிவு அறிந்த ஒருவராவது மதிப்பாய்வில் இருக்க வேண்டும். தரவு மிகப் பெரியது என்றால் தரவு அறிவியல் நிபுணர் ஒருவரும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். சுருங்கச் சொன்னால், யாரை அழைக்கிறோம் என்பதில் கோட்டைவிட்டோம் என்ற ஒப்புதல் அது.

யாரை அழைப்பது என்ற கேள்வி புதிதல்ல. 1998இல் ஃபியோனா காட்லியும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாக இருந்த ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைப் புகுத்தி 420 மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பினார்கள். பதில் அனுப்பியவர்கள் 221 பேர். அவர்கள் சுட்டிக்காட்டியது சராசரியாக 2 குறைகள். ஐந்துக்கு மேல் கண்டுபிடித்தவர் ஒருவரும் இல்லை. பத்து ஆண்டு கழித்து வெளியான ஆய்வில், அதே இதழின் 607 மதிப்பாய்வாளர்களிடம் 9 பெரும் பிழைகளோடு கட்டுரை கொடுத்துப் பார்த்தபோதும் சராசரி மூன்றைத் தாண்டவில்லை. குறுகிய காலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

அப்படியானால் நல்ல மதிப்பாய்வாளர் யார்? 1998இல் வெளியான மற்றொரு ஆய்வின் விடை பல ஆசிரியர் குழுக்களுக்கு உவப்பாக இருந்திருக்காது. வயதில் இளையவர்கள், கொள்ளைநோயியலோ புள்ளியியலோ கற்றவர்கள், இவர்களின் மதிப்பாய்வுதான் தரமாக இருந்தது. மூன்று மணி நேரம் வரை செலவிட்டால் தரம் கூடுகிறது. அதற்கு மேல் உட்கார்ந்தாலும் கூடுவதில்லை. பதவியும் பெயரும் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதைப் பிறகு வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன.

நடைமுறை இதற்கு நேர் எதிர். ஒரு கட்டுரை வந்ததும் ஆசிரியர் முதலில் தேடுவது தனக்குத் தெரிந்த பெரிய பெயரை. அடுத்து, கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் தென்படும் பெயரை. அதுவும் கைகொடுக்காவிட்டால், கட்டுரையாளரே பரிந்துரைக்கும் பெயரை! இந்தக் கடைசி வழியில் என்ன நடந்தது என்பது ஊரறிந்த கதை. சில கட்டுரையாளர்கள் போலி மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, நிபுணர்களின் பெயரில் தங்கள் கட்டுரைக்குத் தாங்களே சான்று எழுதிக்கொண்டார்கள். ‘ட்யூமர் பயாலஜி’ என்ற புற்றுநோய் ஆய்விதழில் மட்டும் 107 கட்டுரைகள் 2017இல் இப்படி ஒரே வீச்சில் திரும்பப் பெறப்பட்டன.

மதிப்பாய்வாளர் கிடைப்பதே இல்லை என்று ஆசிரியர்கள் புலம்புகிறார்கள். கிடைக்கவில்லை என்பது பாதி உண்மை; மீதி, கேட்டவர்களிடமே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது. உயிர்மருத்துவத் துறையில் ஆய்வாளர்களில் 20 சதவீதத்தினரே 69 முதல் 94 சதவீதம் வரையிலான மதிப்பாய்வுகளைச் சுமப்பதாக 2016இல் வெளியான ஒரு கணிப்பு காட்டியது. அந்தப் பெரியவர்களுக்கும் நேரம் ஏது? வந்த கட்டுரையைத் தங்களிடம் படிக்கும் மாணவரிடம் தள்ளிவிடுகிறார்கள். இளம் ஆய்வாளர்களிடம் எடுக்கப்பட்டு 2019இல் ‘ஈலைஃப்’ இதழில் வெளியான கணக்கெடுப்பில், ஏறக்குறையப் பாதிப் பேர், தாங்கள் எழுதிய மதிப்பாய்வு வேறொருவர் பெயரில் போனதாகச் சொன்னார்கள். ஆக, திறமையான இளைஞர்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆசிரியரின் பட்டியலில்தான் அவர்கள் பெயர் இல்லை.

இங்கேதான் அங்கீகாரம் என்ற பேச்சு வருகிறது. ஆண்டுக் கடைசி இதழில் நன்றிப் பட்டியல், சான்றிதழ், ‘சிறந்த மதிப்பாய்வாளர்’ பட்டம் எல்லாம் பழைய வழக்கம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், சான்றிதழை வைத்து எந்தக் கல்லூரியிலும் உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆனதில்லை. சரி, பணம் கொடுக்கலாமா? ‘கிரிட்டிகல் கேர் மெடிசின்’ இதழ் ஒரு மதிப்பாய்வுக்கு 250 டாலர் தருவதாகச் சொல்லிப் பார்த்தது. ஒப்புக்கொண்டவர்கள் 48 சதவீதத்திலிருந்து 53 சதவீதம் ஆனார்கள். மதிப்பாய்வு ஒரு நாள் முன்னதாக வந்தது. தரம் அப்படியேதான் இருந்தது. பல்லாயிரம் டாலருக்கு இவ்வளவுதான்.

பெயரைப் பகிரங்கமாகப் போடுவதும் அங்கீகாரம்தான் என்பார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1999 முதல் மதிப்பாய்வாளரின் பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கிறது. அதற்கு முன் நடத்திய சோதனையில், பெயர் தெரியும் என்றதும் மறுத்தவர்கள் 23 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்ந்தார்கள். நம் மருத்துவக் கல்லூரிகளின் படிநிலையில் இது இன்னும் மோசமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நாளை தன்னை வாய்மொழித் தேர்வில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கப்போகும் பேராசிரியரின் கட்டுரையில் மாதிரி அளவு போதாது என்று எந்த முதுநிலை மாணவர் கையெழுத்திட்டு எழுதுவார்? கட்டுரையாளருக்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை. பணி உயர்வு தருபவருக்குத் தெரிந்தால் போதும்.

இந்தியாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை கேட்கிறோம். முதுநிலைப் பட்டத்துக்கு ஆய்வேடு கேட்கிறோம். இவை உருவாக்கும் கட்டுரைகளைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று மட்டும் யோசிப்பதில்லை. விடைத்தாள் திருத்தினால் பல்கலைக்கழகம் பணம் தருகிறது. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தைத் தீர்மானிக்கும் கட்டுரையைத் திருத்தினால் பணிப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறுவதில்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், மருத்துவர் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன. நட்சத்திர ஓட்டல் கருத்தரங்குக்குக் கிடைக்கும் தொடர்கல்வி மணி நேரம், இதழாசிரியர் தரச்சான்று அளித்த ஒரு மதிப்பாய்வுக்கும் எல்லா மாநிலங்களிலும் கிடைக்க வேண்டும். ‘ஜாமா’ போன்ற அமெரிக்க இதழ்கள் இந்த வழியில் எப்போதோ போய்விட்டன. எத்தனை மதிப்பாய்வு என்று மட்டும் எண்ணினால் இரண்டு வரி எழுதி மணி நேரம் சேர்ப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்பதால், தரச்சான்று என்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இதழாசிரியர்களும் வாசலைக் கொஞ்சம் திறக்கலாம். சமூக மருத்துவத் துறையிலும் புள்ளியியல் துறையிலும் இருக்கும் இளைஞர்களுக்கு அழைப்பு அனுப்புங்கள்; முதல் இரண்டு மதிப்பாய்வுகளை அனுபவசாலி ஒருவருடன் சேர்ந்து எழுதவிடுங்கள்; கட்டுரையின் கதி என்ன ஆனது, மற்றவர் என்ன எழுதினார் என்பதை அவர்களுக்கும் தெரிவியுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் பதவி உயர்வு விதிகளை அடுத்து திருத்தும்போது மதிப்பாய்வுக்கு ஓர் இடம் ஒதுக்கட்டும். அதுவரை பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கட்டுரையை மாணவரிடம் கொடுக்கும் முன் இதழாசிரியரின் அனுமதியைக் கேளுங்கள், அனுப்பும்போது அந்த மாணவரின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.