வெள்ளம் வடிஞ்சாச்சு... வயிற்றுப்போக்கு நிற்கலையா? பன்றிக் கழிவிலிருந்து வரும் ஒட்டுண்ணி பற்றித் தெரியுமா?

2024 நவம்பர் கடைசியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்டம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை! திண்டிவனத்தில் தெருக்களுக்குள் தண்ணீர். விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் பாய்ந்ததால் ரயில்கள் ரத்தாகின.

இப்படி வெள்ளம் வந்தால் சாக்கடை, மாட்டுக் கொட்டகை, பன்றிகள் புரளும் குட்டை எல்லாம் ஒன்றாகிவிடும். காலராவையும் எலிக்காய்ச்சலையும் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று, 'பாலன்டிடியம் கோலை'.

மனிதக் குடலைத் தாக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளில் இதுதான் பெரியது. சில சமயம் தலைமுடியின் தடிமனைவிடவும் பெரிதாக இருக்கும். பெயருக்கு அர்த்தம் 'சின்னப் பை'. உடல் முழுக்க மெல்லிய இழைகள். அவற்றை அசைத்தே நீந்தும். 1857-ல் ஸ்வீடன் மருத்துவர் மால்ம்ஸ்டென், சீதபேதியால் அவதிப்பட்ட நோயாளிகளிடம் இதைக் கண்டார்.

இதன் சொந்த வீடு பன்றியின் குடல். பன்றிக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லை. கழிவோடு வெளியேறும் முட்டை போன்ற கூடு, குடிநீரிலோ கீரையிலோ கலந்து நம் வயிற்றுக்குள் போனால்தான் சிக்கல். பன்றிக்கறி சாப்பிட்டதால் வந்தது என்று நினைப்பது தவறு. அரைவேக்காட்டுக் கறியால் வருவது நாடாப்புழு. அது வேறு கதை.

இந்தியாவில் இந்தத் தொற்று அரிது. ஆனால், புயல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. 1971-ல் பசிபிக் கடலில் உள்ள ட்ரக் தீவைப் புயல் தாக்கியது. குடிநீர் வசதி சிதைந்துபோக, பன்றிக் கழிவு கலந்த தண்ணீரையே மக்கள் பயன்படுத்த வேண்டியதாயிற்று. 110 பேருக்குத் தொற்று!

பலருக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்கு வயிற்றுவலி, விட்டு விட்டு வரும் வயிற்றுப்போக்கு, சளியும் ரத்தமும் கலந்த மலம். உடல் பலவீனமானவர்களுக்குப் பெருங்குடலில் புண் ஆழமாகி, அரிதாக ஓட்டையே விழலாம். அது உயிருக்கு ஆபத்து.

நம் ஊரில் 'சூட்டு வயிற்றுவலி' என்று மோரைக் குடித்துவிட்டு இருப்பார்கள். இல்லையென்றால் மெடிக்கலில் ரெண்டு வேளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டு, நின்றதும் விட்டுவிடுவார்கள். இந்த ரெண்டாவதுதான் மோசம். இதற்கு டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆனால் டாக்டர் சொல்லும் நாள்வரை சாப்பிட வேண்டும். டெட்ராசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஆகாது.

தண்ணீரில் குளோரின் போட்டாச்சே என்று நிம்மதியாக இருக்க முடியாது. வழக்கமான அளவு குளோரினுக்கு அந்தக் கூடு தாக்குப்பிடிக்கும். கொதிக்க வைத்தால் செத்துவிடும். பன்றி வளர்ப்பவர்கள் தொழிலை விட வேண்டியதில்லை. கொட்டகைக் கழிவு கிணற்றுப் பக்கம் போகாமல் பார்த்து, சோப்புப் போட்டுக் கை கழுவினாலே பாதி வேலை முடிந்தது.

ரத்தம் கலந்து போனால் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். சாதாரண மலப் பரிசோதனையே போதும். மாதிரியைக் காலையில் எடுத்து மாலையில் கொண்டுபோகக் கூடாது. நீந்தும் கிருமி அதற்குள் செத்துவிடும். முதல் நாள் தெரியவில்லை என்றால், வேறு வேறு நாட்களில் இன்னும் ரெண்டு முறை கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அலுத்துக்கொள்ளாமல் கொடுங்கள், தினமும் அது வெளியே வராது.