தவறணைக்கு வழி தெரியும். மீட்சிக்கு வழி எது?

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தில் வந்திறங்கும் அயலூரார் ஒருவர் தவறணைக்கு வழி கேட்பாராயின், சிறு பிள்ளையும் கைநீட்டிக் காட்டும். அதே மனிதர், "குடியை விட விரும்புகிறேன், என்னைப் போன்றோர் கூடிப் பேசும் இடம் எது?" என்று வினவினாலோ, கற்றோரும் விழிப்பர். "மனத்தை அடக்கு" என்னும் அறிவுரை மட்டும் தாராளமாகக் கிடைக்கும். நீரிழிவு நோயாளியிடம் இவ்வாறு எவரேனும் சொல்வதுண்டா? குடிக்கு அடிமையாதல் மருத்துவம் வேண்டி நிற்கும் நோயென்பதை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. நாமோ இன்னும் அதனை வசைச் சொல்லாகவே வழங்கி வருகிறோம்.

1935ஆம் ஆண்டு மே மாதத்தில், பில் வில்சன் என்னும் பங்குத் தரகர் அலுவலாக அமெரிக்காவின் அக்றன் நகருக்குச் சென்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் கெட்டது. விடுதியின் மதுச்சாலை அருகிலேயே இருந்தது. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினாலன்றித் தாம் தப்ப இயலாது என உணர்ந்த அவர், அறிமுகமற்ற அந்நகரின் தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து அப்படியொருவரைத் தேடினார். அவ்வாறு அவர் கண்டடைந்தவரே பொப் சிமித் என்னும் அறுவை மருத்துவர். அதே ஆண்டு ஜூன் 10ஆந் திகதி அம்மருத்துவர் இறுதியாகக் குடித்த நாளையே 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என்ற பெயர் கரந்தோர் இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இவ்வியக்கத்திற் சந்தாப் பணம் இல்லை. சாதி, சமய வினாவும் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. குடியை விடும் நோக்குடன் இருவர் மூவர் கூடினும் அது ஒரு குழுவே என்பது அதன் மரபு. இது வெறும் நம்பிக்கை அன்று. 10,000க்கு மேற்பட்டோர் பங்குகொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் மதிப்பீடு 2020இல் வெளிவந்தது. முற்றாகக் குடியை விட்டிருப்பதற்கு இவ்வழி ஏனைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, பல வேளைகளில் மேலானது என்பதே அதன் முடிபு. தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980இல் சென்னையில் இதற்கெனவே நிலையம் அமைத்தார். இன்று டி.டி.கே. மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ள அந்நிலையத்தில் நோயாளிக்கு மட்டுமன்றி அவர்தம் குடும்பத்தாருக்கும் இடமுண்டு.

நீதிமன்றங்களில் நாம் நாள்தோறும் காண்பது என்ன? கசிப்புக்காகப் பிடிபட்டவன் குற்றப்பணம் கட்டுகிறான். அப்பணத்துக்காக மனைவியின் தோடு அடைவுக்குப் போகிறது. அடுத்த மாதம் அவனே மீண்டும் கூண்டில் நிற்கிறான். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அரசின் வருவாயைக் காக்கப் பிறந்தது, குடிப்பவனைக் காக்கவன்று. ஆனால் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கும் வழிப்படுத்த நீதவானுக்கு இடந்தருகிறது. அவ்வழியை நாடி வாதாடும் சட்டத்தரணிகள் எத்தனை பேர்? நம் தொழில் நண்பர்கள் சினந்து கொள்ளினும் இதனைக் கேட்டே ஆகவேண்டும்.

மூதூர் மீனவரையோ தம்பலகாமத்துக் கமக்காரரையோ 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புக்குப் போய் மீண்டு வா என்பது பசித்தவனுக்குச் சோற்றின் படத்தைக் காட்டுவதாகும். மொழியும் ஒரு தடையே. குடியின் வெட்கத்தை ஒருவன் தன் தாய்மொழியிலன்றி வேறெதிற் கூறுவான்? அரசு அலுவலகத்தில் தமிழிற் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் உள்ளது. அரசு நடத்தும் உதவித் தொலைபேசிகளான 1926, 1927 என்பனவற்றிலும் அவ்வுரிமையைத் தயங்காது கேட்டுப் பெறுக.

ஆயினும் கூட்டத்தை அரசு நடத்தித் தரவேண்டுமென்று காத்திருத்தல் வீண். கிழமைக்கு ஒரு மாலை, ஒரு மணிநேரம், சனசமூக நிலையத்தின் பின்னறை ஒன்று போதும். கோயில் மடம், பள்ளிவாசல், தேவாலயம் எதுவாயினும் ஆகலாம். மூவினத்தாரும் வாழும் இம்மாவட்டத்தில் எந்த இனத்தானையும் குடிநோய் விட்டுவைத்ததில்லை. வாயிலிற் பெயர்ப்பலகை வேண்டாம். வருவோர் பெயரைப் பதியவும் வேண்டாம். கட்சிக்காரனிடம் கேட்டதை வெளியிற் சொல்லாமை எமது தொழிலின் கடப்பாடு; அங்கே வந்தமரும் ஒவ்வொருவருக்கும் அக்கடப்பாடு உண்டு. சிற்றூரில் ஒரு சொல் கசிந்தால், மறுவாரம் அவ்வறை வெறுமையாகிவிடும். மேடையும் மாலையும் கண்டவுடன் தலைமை தாங்க ஓடிவரும் எம் போன்ற அரசியல்காரரை உள்ளே விடாதிருப்பதும் நன்று!

மருத்துவர்களுக்கு ஒன்று சொல்வோம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் தோன்றி உயிருக்கே இடையூறு நேரலாம். ஆதலால் முதற் சில நாட்கள் பொது மருத்துவமனையில் உங்கள் கண்காணிப்பில் அவர் இருத்தல் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டுடன் கூட்டம் நடக்கும் இடத்தையும் நாளையும் எழுதிக் கொடுங்கள். மனைவியரையும் மறவாதீர்; குடும்பத்தாருக்கென அல்-அனோன் என்னும் தனி அமைப்பு 1951இலேயே தோன்றிவிட்டது.

காலபோக அறுவடை முடிந்து கமக்காரர் கையிற் பணம் புரளும் நாட்களிலேயே தவறணைகளில் நெரிசல் மிகும். அதற்கு முன்னரே துறைமுக வீதிப் பக்கம் ஓர் அறையும், தம்பலகாமத்தில் ஓர் அறையும் திறக்கப்படல் வேண்டும். திறவுகோலைத் தரவல்ல நிலையத் தலைவர்கள் இவ்வாரமே தம் செயற்குழுவைக் கூட்டுவார்களாக.