கண்மாய் பொது, மடை யார் கையில்?

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மதுரைக்கு வந்து படிக்கும் மாணவி ஒருவர், மாட்டுத்தாவணியில் எங்களைச் சந்தித்தபோது தன் கைப்பேசியை நீட்டினார். திரையில் அவருடைய கல்லூரியின் இணைய வகுப்பறை. பாடக் குறிப்பு, அசைன்மென்ட், மதிப்பெண் எல்லாம் இப்போது அதன் வழியாகத்தான் நடக்கிறது. அவர் காட்ட விரும்பியது பாடத்தை அல்ல. வகுப்பில் உள்ளவர்களின் பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால் அவரைப் பற்றிய பக்கம் விரிகிறது. புகைப்படம், துறை, மின்னஞ்சல் முகவரி, அதற்குக் கீழே ஒரு வரி: எஸ்.சி. அடுத்த பெயரைத் தொட்டால் எம்.பி.சி. அதற்கடுத்தது பி.சி. வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் அத்தனை பேரின் வரியும் தெரிகிறது.

“யாரும் ஒண்ணும் சொல்லல தோழர். ஆனா அன்னையிலருந்து புராஜெக்டுக்கு ஆள் சேர்றது மாறிப்போச்சு” என்றார். கல்லூரியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

விசாரித்தோம். அந்தக் கல்லூரி பயன்படுத்துவது மூடுல் என்னும் கட்டற்ற மென்பொருள். தமிழ்க் காதுக்கு ‘மூடு’ என்று கேட்டாலும் இது திறந்த மென்பொருள்தான். இதன் நிரலை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். சேர்க்கையின்போது உதவித்தொகைக்காகத் தயாரித்த எக்செல் பட்டியலை அலுவலகத்தில் யாரோ அப்படியே இதில் ஏற்றிவிட்டார்கள். மூடுலில் நிர்வாகி புதிதாக ஒரு விவரக் கட்டத்தைச் சேர்க்கும்போது, இதை யாரெல்லாம் பார்க்கலாம் என்று மென்பொருளே கேட்கும். யாருக்கும் வேண்டாம் என்று சொல்லலாம். உரியவருக்கு மட்டும் என்று சொல்லலாம். இங்கே ‘எல்லோருக்கும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நாங்கள் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் வயிறு கலங்கும் அனுபவம் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு இருந்திருக்காது.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் கொண்டுவந்த சமத்துவ விதிகள், வகுப்பில் மாணவரின் சாதியை வாயாலோ வேறு விதமாகவோ அறிவிப்பதைப் பாகுபாடு என்று சொல்கின்றன. கணினித் திரை ‘வேறு விதம்’ இல்லையா?

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “ஓசியில் கிடைத்தால் இப்படித்தான், காசு கொடுத்து நல்ல கம்பெனியில் வாங்கியிருக்க வேண்டும்” என்றார். இந்த முடிவுக்குத்தான் பல கல்லூரி நிர்வாகங்களும் வந்துகொண்டிருக்கின்றன. எங்கள் முடிவு வேறு. அதைச் சொல்வதற்கு முன், இந்த மென்பொருள்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கூடிக் கட்டிய வகுப்பறை

மூடுலை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் எட்டாத தூரம். சிறுவயதில் வானொலி வழியாகப் பாடம் கேட்டவர். பின்னாளில் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் ஒரு வணிக மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அதன் குறைகளைத் திருத்த உள்ளே கைவைக்க வழியில்லை. தானே எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்டில் மூடுலின் முதல் பதிப்பு வந்தது. உலகெங்கும் ஆசிரியர்கள் அதில் தங்கள் பங்கைச் சேர்த்தார்கள். தன்னார்வலர்கள் 100-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அதைக் கொண்டுபோனார்கள். தமிழும் அதில் உண்டு.

பல்கலைக்கழகங்களே கைகோத்தது 2004-ல். மிச்சிகன், இந்தியானா, ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. ஆகிய நான்கும் ஆளுக்கொரு இணைய வகுப்பறையைத் தனித்தனியே கட்டி வைத்திருந்தன. ஒரே வேலையை நான்கு இடத்தில் நான்கு முறை செய்வானேன் என்று ஒன்றுசேர்ந்து ‘சகாய்’ என்னும் மென்பொருளை உருவாக்கித் திறந்துவிட்டன. மெலன் அறக்கட்டளை நிதி தந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகம் அதை எடுத்துத் தன் வகுப்பறையாக்கி, ‘வூலா’ என்று பெயர் வைத்தது. கறுப்பின மக்களின் கோசா மொழியில் ‘திற’ என்று பொருள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் பெரும்பாலும் வெள்ளையருக்கே கதவைத் திறந்திருந்த பல்கலைக்கழகம் அது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் பிளாக்போர்டு நிறுவனம் 2006-ல் ஒரு காப்புரிமையைப் பெற்று, போட்டி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. அது உரிமை கோரியவற்றில் ஒன்று: ஒரே ஆள் ஒரு பாடத்தில் மாணவராகவும் இன்னொரு பாடத்தில் ஆசிரியராகவும் ஒரே கணக்கில் நுழையலாம் என்பது. பிறப்பிலேயே ஆளுக்கொரு தொழிலை ஒதுக்கிவைத்த ஊரில் பிறந்த நமக்கு, இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. சகாய், மூடுல் சார்பில் மென்பொருள் சுதந்திரத்துக்கான சட்ட மையம் அந்தக் காப்புரிமையை மறுபரிசீலனை செய்யக் கோரியது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமைக் கோரிக்கைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

வெற்றிக் கதையாக இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் பிறகு நடந்ததும் உண்டு. சகாயைத் தொடங்கிய மிச்சிகனும் இந்தியானாவும் பத்தாண்டு கழித்து வேறொரு நிறுவனத்தின் சேவைக்கு மாறிவிட்டன. கேப்டவுனும் அண்மையில் வணிக மென்பொருளுக்குப் போய்விட்டது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-ல் தொடங்கிய எட்எக்ஸ் தளம் 2021-ல் 80 கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்திடம் விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனம் 2024-ல் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுச் சொத்து அலுத்துப்போனால் காசு கட்டி வெளியேற முடியும். நம் ஊரில் அது முடியாது. காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் ஊழியர்களும் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராடியதை மதுரை பார்த்தது. அங்கே வருடா வருடம் தலைக்கு இவ்வளவு என்று மென்பொருளுக்கு யார் கட்டுவார்கள்? கட்டினால் அது எந்தக் கட்டணத்தில் வந்து விடியும்?

இலவசமாகத் தருகிறோம் என்று வரும் பெரிய நிறுவனங்களையும் பார்த்துவிட்டோம். கொரோனா காலத்தில் நம் கல்லூரிகள் பலவும் கூகுள் வகுப்பறைக்குள் குடிபுகுந்தன. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத சேமிப்பிடம் என்றிருந்ததை, 2022 ஜூலையிலிருந்து நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்று கூகுள் சுருக்கியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும்.

திறந்த குளம்

ஆக, கல்விக்கான மென்பொருள் பொதுவாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் மதுரைச் சமவெளியில் வளர்ந்தவர்களுக்குப் ‘பொது’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிட முடிவதில்லை. கண்மாய் பொது. மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்று முடிவு செய்தது பாத்தியதை உள்ள குடும்பங்கள். மூழ்கிப்போய் மடையைத் திறந்துவிட்டு, வாய்க்காலில் இரவெல்லாம் காவல் இருந்த நீர்பாய்ச்சி பல ஊர்களில் நம்மவர். களத்து நெல்லில் அவருக்குப் பங்கு உண்டு. கூட்டத்தில் இடம் இல்லை.

பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தை 1923-லேயே நிறைவேற்றியது. மகாட் நகராட்சி 1924-ல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஒரு தலித்தும் அதில் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20-ம் தேதி அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் நீர் அள்ளிய பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கே உயிர் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996-ல் நமக்கு ஒதுக்கப்பட்டன. முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் உட்கார 2006 ஆயிற்று.

கட்டற்ற மென்பொருளின் உரிமமும் ஒரு தீர்மானம் போலத்தான். யாரும் மாற்றலாம் என்கிறது. மாற்றத் தெரிந்தவர், மாற்றும் அதிகாரம் உள்ளவர் யார் என்று அது கேட்பதில்லை.

இந்தியாவில் நடந்த கூட்டு முயற்சிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. மும்பை ஐ.ஐ.டி. 2014-ல் எட்எக்ஸின் திறந்த நிரலை எடுத்துத் தன் சொந்தத் தளத்தை அமைத்தது. அமெரிக்காவில் நிறுவனம் கைமாறியபோதும் இந்த நிரலை யாரும் பறித்துக்கொள்ள முடியவில்லை. 2017 ஜூலையில் ஸ்வயம் வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று மானியக் குழுவின் 2021-ம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. காமராசர் பல்கலைக்கழகத்தின் பல்லூடக மையமே ஸ்வயத்துக்குப் பாடங்கள் தயாரித்துத் தருகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பாடம் இலவசம், சான்றிதழ் தரும் தேர்வுக்குக் கட்டணம். என்.பி.டி.இ.எல். தேர்வுக்குப் பாடத்துக்கு 1,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குப் பாதி என்று இருந்துவந்திருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு 500 ரூபாய் என்றால் என்னவென்று விடுதிக் காப்பாளரைக் கேளுங்கள். உதவித்தொகை கைக்கு வருவதற்குள் தேர்வே முடிந்திருக்கும்.

நம் பக்கத்தில் என்ன செய்யலாம்?

மதுரை காமராசர், காரைக்குடி அழகப்பா, கொடைக்கானல் அன்னை தெரசா, காந்திகிராமம். நான்கும் பேருந்தில் சில மணி நேரத் தொலைவில் இருப்பவை. இவற்றின் வகுப்பறைகளில் பெரும்பகுதி முதல் தலைமுறைப் பிள்ளைகள். தனித்தனியே மென்பொருள் வாங்காமல், தனித்தனியே ஒற்றை ஆளை வைத்து மூடுலை நடத்தாமல், நான்கும் சேர்ந்து ஒரே தளத்தை நடத்த என்ன தடை? 2023-ல் உயர்கல்வி மன்றம் பொதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது, தன்னாட்சி போய்விடும் என்று கல்லூரிகள் எதிர்த்தன. அதில் நியாயம் இருந்தது. மென்பொருள் பொதுவாக இருந்தால் பாடத்திட்டம் அவரவருடையதாகவே இருக்கும். கட்டற்ற மென்பொருளும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சி. உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் வேலை தொடங்கியது.

அப்படி ஒரு கூட்டு அமைந்தால் அதன் நிர்வாகக் குழுவில் விடுதி மாணவர்களும், பல்கலைக்கழகங்களின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளும் ஓட்டுரிமையோடு இடம்பெற வேண்டும். ஆலோசகர் என்று ஓரமாக ஒரு நாற்காலி போட்டால் போதாது. சாதி விவரம் உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் தேவை. அதற்குத் தனித் தளங்கள் இருக்கின்றன. பாடம் நடத்தும் மென்பொருளுக்குள் அந்தக் கட்டமே நுழையக் கூடாது என்பதைக் கூட்டின் முதல் விதியாக எழுத வேண்டும். நிரல் நம் கையில் இருப்பதால் அதைச் செய்ய முடியும். கம்பெனி மென்பொருளில் கெஞ்சத்தான் முடியும்.

வேலை விஷயத்தையும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு தளத்தை நடத்தப் பொறியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கல்லூரிதோறும் பயிற்றுநர்கள் தேவை. கணினிப் பயன்பாட்டியல் படித்துவிட்டுச் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளை ஒவ்வொரு தெருவிலும் காட்டுவோம். அவர்களுக்கு இது சம்பளத்தோடு கூடிய வேலையாக வர வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் இன்னொரு முறை நம்மை மடையில் இறங்கச் சொல்ல வேண்டாம்.

இணையம் எட்டாத இடத்துக்கும் வழி இருக்கிறது. கோலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருள், ஒரு சிறிய கணினியில் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு, இணைய இணைப்பு இல்லாமலே கட்டடத்துக்குள் வைஃபை மூலம் எல்லோருக்கும் கொடுக்கும். மூடுலின் கைப்பேசிச் செயலியிலும் பாடங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்ள முடியும். மாவட்டத்தின் ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு கணினி வைக்கும் செலவு, பட்டமளிப்பு விழாப் பந்தல் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

அந்த மாணவியின் கல்லூரிக்குப் பேராசிரியர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம். சம்பந்தப்பட்ட அலுவலர் மரியாதையாக உட்கார வைத்தார். திரையைக் காட்டியதும், “இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். கட்டத்தை மறைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறைக்கத்தான் மறைத்தார், அழிக்கவில்லை. அழிக்க மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறோம்.

அடுத்த சேர்க்கை முடிந்ததும் புதிய பட்டியல் ஏற்றப்படும். மாணவி இறுதியாண்டு, அதற்குள் படிப்பு முடிந்து போய்விடுவார். முதலாண்டில் இருக்கும் தன் ஊர்ப் பெண்ணிடம் எந்தப் பக்கத்தைத் திறந்து எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.