2,218 விக்கெட், ஒரு டெஸ்ட்கூட இல்லை

1968 ஆகஸ்ட் 31 அன்று ஸ்வான்சீ மைதானத்தில் கேரி சோபர்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் விளாசினார். அந்த ஓவரை வீசிய கிளாமர்கன் வீரர் மால்கம் நாஷின் பெயரும் கிரிக்கெட் சரித்திரத்தில் ஏறிவிட்டது. (1985இல் பம்பாயில் அதே சாதனையைச் செய்த ரவி சாஸ்திரி இரண்டே ஆண்டில் கிளாமர்கனுக்கு ஆடப் போனது தனிக் கதை.) ஆனால் அதே கிளாமர்கனுக்கு 1950 முதல் 1972 வரை உழைத்த டான் ஷெப்பர்டை எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தனைக்கும் 668 முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது 2,218 விக்கெட். டெஸ்ட் ஆடாதவர்களில் இவ்வளவு விக்கெட் எடுத்தவர் வேறு எவரும் இல்லை.

வேல்ஸில் கடலோர கிராமமான போர்ட் ஐனனில் 1927இல் பிறந்த ஷெப்பர்ட், வேகப் பந்து வீச்சாளராகத்தான் அணிக்குள் வந்தார். ஒரே சீசனில் நூறு விக்கெட்டும் எடுத்தார். பிறகு சரிவு. இருபத்தெட்டு வயதில் பலர் மூட்டை கட்டியிருப்பார்கள். அவரோ ஓட்டத்தைக் குறைத்து, விரலால் பந்தை அறுத்து வீசும் ஆஃப்-கட்டருக்கு மாறினார். சுழல் பந்தைவிட வேகமாக வந்து, தரையில் பட்டதும் சட்டென்று உள்ளே திரும்பும் பந்து அது. அந்நாளில் இங்கிலாந்து ஆடுகளங்களை மழைக்கு மூடி வைப்பதில்லை. ஈரம் காயும் களத்தில் அவரைச் சமாளிப்பது பெரும்பாடு. 1956இல் மட்டும் 177 விக்கெட்.

ஆனாலும் இங்கிலாந்து அழைக்கவில்லை. முதலில் ஜிம் லேக்கர் இருந்தார். பிறகு டிட்மஸ், ஆலன், இல்லிங்வொர்த் என்று வரிசை. இந்த மூவரும் மட்டையையும் பிடிக்கத் தெரிந்தவர்கள். ஷெப்பர்டின் பேட்டிங் சராசரியோ பத்தைத் தொடவில்லை. 1961இல் ஆஸ்திரேலியர்களுக்கு எதிராகப் பதினைந்தே நிமிடத்தில் அரை சதம் அடித்ததெல்லாம் கணக்கில் வரவில்லை.

அதே ஆஸ்திரேலியர்களை 1964இல் கிளாமர்கன் வீழ்த்தியபோது ஷெப்பர்டுக்கு ஒன்பது விக்கெட். 1968இல் மீண்டும் வென்றபோது தலைமை தாங்கியவரே அவர்தான். 1969இல் தோல்வியே காணாமல் கிளாமர்கன் கவுன்டி சாம்பியன் ஆனது. பட்டத்தை உறுதி செய்த ஆட்டத்தில்தான் அவரது 2,000ஆவது விக்கெட்டும் விழுந்தது. மறு ஆண்டு விஸ்டன் அவரை ஆண்டின் ஐந்து சிறந்த வீரர்களில் ஒருவராக அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 42.

நமக்கு இது புதிய கதை அல்ல. ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட் எடுத்த ராஜிந்தர் கோயல், பேடி இருந்த காலத்தில் பிறந்த ஒரே காரணத்தால் டெஸ்ட் ஆடாமலே ஓய்வு பெற்றார். மும்பையின் பத்மாகர் ஷிவால்கரும் அப்படியே. இருவருக்கும் வாழ்நாள் சாதனை விருது தர கிரிக்கெட் வாரியத்துக்கு 2017தான் தோதுப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், தொண்ணூறு வயது நிறைந்த ஒரு வாரத்துக்குள், ஷெப்பர்ட் காலமானார்.

இவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'பாவம், அதிர்ஷ்டம் இல்லை' என்று உச்சுக் கொட்டுவது நம் வழக்கம். அந்த அனுதாபமே ஒரு வகை அவமதிப்பு. ஆளில்லாத மைதானங்களில், குளிரிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் வீசிய இவர்கள்தான் அடுத்த தலைமுறை பேட்ஸ்மேன்களுக்குப் பாடம் எடுத்தவர்கள். டெஸ்ட் தொப்பி தேர்வாளர்கள் கொடுப்பது. அந்த 2,218 விக்கெட்டை யாரும் கொடுக்கவில்லை; ஷெப்பர்ட் எடுத்தார்.