தாத்தாவோட ரிவால்வர் சொத்தா, சுமையா?

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசற இடத்துல துப்பாக்கிக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

என்கூட வேலை பார்க்கற தம்பி ஒருத்தர் தன்னோட நெட்வொர்த் ஷீட்டைக் காட்டினார். பிஎஃப், ரெண்டு மியூச்சுவல் ஃபண்ட், கொஞ்சம் தங்கம். கடைசி வரியில "தாத்தா ரிவால்வர் – 3 லட்சம்". தாத்தா இறந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. துப்பாக்கி இன்னும் ஊர் வீட்டு பீரோவிலயே கிடக்கு. ஒரு வெளிநாட்டு ஏலத் தளத்துல அதே மாடலைப் பார்த்து, டாலரை ரூபாயா மாத்திப் போட்டிருக்கார். "பொங்கலுக்குப் போறப்ப பையில வச்சு எடுத்துட்டு வந்து, யார்கிட்டயாவது மதிப்பு கேட்கணும்ணே"ன்னார்.

எனக்குப் பகீர்னுச்சு. லைசென்ஸ் தாத்தா பேர்ல இருந்தது. பேரன் கையில அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்துல, 2019 திருத்தத்துக்கு அப்புறம், சாதாரண ரகத் துப்பாக்கிக்கே குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். ஒரு பஸ் செக்கிங்ல மாட்டினா வேலை என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

"ஆன்டிக்குக்கு லைசென்ஸ் வேண்டாமே"ன்னு அவர் கேட்டார். நிறைய பேர் இப்படித்தான் நம்பறாங்க. அந்தச் சட்டத்தோட 45வது பிரிவு விலக்கு தருது, உண்மைதான். ஆனா ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு மட்டும்தான் அது. வயசு மட்டும் போதாது.

அவர் போன்ல இருந்த போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தோம். வெப்லி, மார்க் 6, 1917, .455. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவத்துக்காக பர்மிங்ஹாம்ல செஞ்சது. குழல் முன்பக்கமா மடங்கும், மடங்கும்போதே தோட்டாக்களை வெளியே தள்ளும். சேகரிப்பாளர்கள் கம்பெனி, மாடலோட நிறுத்த மாட்டாங்க. பாகங்கள்ல இருக்கற நம்பர் ஒண்ணோட ஒண்ணு பொருந்துதா, பழைய பூச்சு அப்படியே இருக்கா, சிலிண்டரைச் சுரண்டி வேற தோட்டாவுக்கு மாத்தியிருக்காங்களான்னு பார்ப்பாங்க. (தயவுசெஞ்சு பிராஸோ போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு ஏற ஏற விலை இறங்கும்.)

ஆனா நம்ம நாட்டுல விலையைத் தீர்மானிக்கறது அந்த .455ங்கற நம்பர்தான். .380, .455 தோட்டா போடற ரிவால்வர் எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். அதுக்கு கலெக்டர் லைசென்ஸ் தர முடியாது, மத்திய அரசோட அனுமதி வேணும். அப்போ வாங்கத் தகுதி உள்ளவங்க எத்தனை பேர் இருப்பாங்க? 100 வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனி ஆள் ஏற்றுமதி பண்ணவும் சட்டம் விடாது. அந்த டாலர் விலை நமக்கு வெறும் வேடிக்கைதான்.

இதே வெப்லி கம்பெனியோட சின்ன .32 ரிவால்வரா இருந்திருந்தா கதையே வேற. அது சாதாரண லைசென்ஸ்லயே வச்சுக்கக்கூடிய ரகம். 1980கள்ல பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி அடைபட்டதால, இந்தியாவுல இருக்கற பழைய வெளிநாட்டு .32க்கு நல்ல கிராக்கி. வெளியூர்ல பேர் போன துப்பாக்கி இங்க விலை போகாது, அங்க யாரும் சீண்டாதது இங்க காசு.

சரி, என்ன பண்ணலாம்? துப்பாக்கியைத் தொடாதீங்க, உள்ள குண்டு இருக்கான்னு சோதிச்சும் பார்க்காதீங்க. லைசென்ஸ் புக், இறப்புச் சான்றிதழ் ரெண்டையும் எடுத்துக்கிட்டு முதல்ல ஸ்டேஷனுக்குப் போய் எழுத்துல கொடுங்க. எப்படிக் கொண்டு வரணும்னு அவங்களே சொல்லட்டும். ஸ்டேஷன்லயோ, லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. மீதமிருக்கற தோட்டாவும் சேர்த்துத்தான். ஒப்படைச்சதாலேயே உரிமை போயிடாது. வாரிசு தன் பேர்ல லைசென்ஸ் கேட்கலாம், அதுக்கு மத்த வாரிசுங்களோட ஆட்சேபணையின்மை கடிதம் வேணும். இல்லைன்னா தகுதி உள்ள ஒருத்தருக்கு வித்துப் பணத்தை வாங்கிக்கலாம். ஆனா இதுக்கெல்லாம் காலக்கெடு இருக்கு. தாண்டினா பொருள் அரசுக்குப் போயிடும். பலர் கோட்டை விடறது இங்கதான்.

என்னைக் கேட்டா, 27 வயசுல வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். லைசென்ஸ் புதுப்பிக்கற செலவு, தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கற அலைச்சல், வீட்டுல குழந்தைங்க. தாத்தா ஞாபகத்துக்கு அந்தத் தோல் உறையை வச்சுக்கலாமே.

தம்பி அந்த வரியை இன்னும் அழிக்கலை. 3 லட்சத்தை எடுத்துட்டு "டெபாசிட் ரசீது, அம்மா ஃபைல்ல"ன்னு மாத்தியிருக்கார். சித்தப்பாகிட்ட கையெழுத்து வாங்கற வேலை பாக்கி.

உங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்தா, லைசென்ஸ் புக்ல கடைசியா எப்போ புதுப்பிச்சிருக்காங்கன்னு இன்னைக்கே வீட்டுல கேளுங்க. கமெண்ட்ல மட்டும் போட்டோவும் சீரியல் நம்பரும் போட்டுடாதீங்க, ப்ளீஸ்.