அஞ்சு பட்டை நெளிந்ததற்கு முழு ஷட்டரா?



கொஞ்சம் நீளமான பதிவு. கடை வைத்திருப்பவர்கள், கடையை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், வீட்டில் கார் ஷெட்டுக்கு ஷட்டர் போட்டிருப்பவர்கள் மூன்று தரப்பும் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் பாதியில் எழுந்து போகலாம், அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன்.

சொல்ல வந்தது இதுதான். வண்டி இடித்து ஷட்டரில் நாலைந்து பட்டை நெளிந்தால் அந்த நாலைந்து பட்டையை மாற்றினால் போதும். முழு ஷட்டரையும் கழற்றி எறிய வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது பட்டை, சேனல், ஸ்பிரிங் இவற்றின் நிலைமைதான். "பழசு ஆயிடுச்சு, புதுசாவே போட்டுடலாம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர் முடிவு செய்யக் கூடாது. அதிலும் காசு அடுத்தவர் பையிலிருந்து வருகிறது என்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என் பழைய மாணவர் ஒருவர் ஏழு வருடமாக ஒரு கடையை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார். கடையின் சொந்தக்காரர் எனக்குத் தம்பி முறை. போன மாதம் கடைக்குச் சரக்கு இறக்க வந்த வண்டி பின்னால் வந்து ஷட்டரில் இடித்துவிட்டது. கீழே ஐந்து பட்டை நெளிந்தது. ஒரு பக்கத்துச் சேனலும் லேசாக வளைந்தது. சொந்தக்காரர் முழு ஷட்டருக்கு விலை கேட்டார். 28,000 ரூபாய் என்றார்கள். அதை அப்படியே அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன் என்கிறார். மாணவர் இன்னொரு ஃபிட்டரை அழைத்து வந்து காட்டினார். ஐந்து பட்டை மாற்றி, சேனலை நிமிர்த்தி, கூலியோடு 6,500 ரூபாய் என்று அவர் சொன்னார். இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். "நீங்க வாத்தியாரம்மா, கணக்கு நீங்களே பாருங்கக்கா" என்றார் தம்பி. இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இது இந்த இரண்டு பேரின் சண்டை மட்டும் இல்லை, எல்லா பஜாரிலும் நடப்பதுதான்.

முதலில் ஷட்டர் என்பது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். அது ஒரே தகடு இல்லை. பத்தடி அகலம், எட்டடி உயரம் உள்ள சாதாரணக் கடை ஷட்டரில் முப்பதுக்கு மேற்பட்ட பட்டைகள் இருக்கும். ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய 7.5 முதல் 8 சென்டிமீட்டர் அகலம். மேல் ஓரமும் கீழ் ஓரமும் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு பட்டையின் சுருளுக்குள் அடுத்த பட்டையின் சுருளைப் பக்கவாட்டில் செருகியிருப்பார்கள். ஆணியும் கிடையாது, வெல்டிங்கும் கிடையாது. கதவுக்குக் கீல் மாதிரி ஒவ்வொரு இணைப்பும் மடங்கும். அதனால்தான் மேலே உள்ள பைப்பில் பாய் மாதிரிச் சுருண்டுகொள்கிறது.

செருகியது என்றால் உருவவும் முடியும். சேனலைக் கழற்றி, நெளிந்த பட்டையைப் பக்கவாட்டில் உருவி எடுத்து, அதே அளவுப் புதுப் பட்டையைச் செருகலாம். அடிபட்டது கீழ்ப்பகுதி என்றால் வேலை இன்னும் சுலபம். இந்தப் பொருளைச் செய்தவர்களே பகுதி பகுதியாக மாற்றும் வசதியோடுதான் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கிழிந்துவிட்டால் நோட்டையே தூக்கிப் போடு என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தால் உங்கள் பெற்றோர் சும்மா விட்டிருப்பார்களா?

இனி, எப்போது பட்டை மட்டும் போதும், எப்போது முழுசும் மாற்ற வேண்டும் என்பதற்கு நான் பார்க்கும் நாலு விஷயம்.

ஒன்று, சுருள் ஓரம். பட்டையின் நடுவில் குழி விழுந்திருந்தால் அது அழகுக் குறை மட்டும்தான். சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், அப்படியே விட்டாலும் பாதகம் இல்லை. சுருள் நசுங்கியிருந்தாலோ பிரிந்திருந்தாலோ தட்டிப் பயன் இல்லை, அந்தப் பட்டையை மாற்றியே ஆக வேண்டும். எண்ணிப் பாருங்கள். மொத்தத்தில் கால்வாசிக்குள் என்றால் மாற்றுவது லாபம். பாதியைத் தாண்டினால் கூலியே விழுங்கிவிடும். நடுவில் இருந்தால் இரண்டு விலையும் கேட்டு முடிவு செய்யலாம்.

இரண்டு, சேனல். இரு பக்கமும் பட்டைகள் ஓடும் தடம் இது. சேனல் கோணலாக இருக்கும்போது எத்தனை புதுப் பட்டை போட்டாலும் மறுபடி உரசும், சிக்கும், நெளியும். முதலில் தூக்குக் குண்டு பிடித்துச் சேனல் நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பார்க்காமல் பட்டையை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவரை அடுத்த மாதமே மறுபடி தேட வேண்டியிருக்கும்.

மூன்று, துரு. தெருத் தண்ணீரும் மழைச் சாரலும் படுவது அடியில் ஒரு அடி உயரம்தான். அதனால் கீழ்ப்பட்டைகள் மட்டும் அரித்திருப்பது சகஜம், அதற்கும் பட்டை மாற்றினால் போதும். ஆனால் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று மேல் பட்டை, பைப் எதையும் விடாது. திருகாணியால் அழுத்தினால் பல இடங்களில் பொத்துக்கொண்டு போகிறது என்றால் முழுசாக மாற்றுங்கள். புதுசு வாங்கும்போது துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. தகடாகவே வாங்குங்கள்.

நான்கு, அதே அளவில் பட்டை கிடைக்கிறதா என்பது. அகலமும் சுருளும் ஒத்துப் போகாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. ஒரு பட்டைத் துண்டை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். கனமும் ஒன்றாக இருக்க வேண்டும். 20 கேஜ் ஷட்டரில் நிறைய 18 கேஜ் பட்டையைச் செருகினால் பாரம் கூடி ஸ்பிரிங் கணக்குத் தப்பிவிடும். கேஜ் எண் குறைந்தால் தகடு தடிமன் என்பது தெரியும் அல்லவா? தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பி கேட்ட இரண்டு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"ஒட்டுப் போட்ட மாதிரி அசிங்கமாத் தெரியாதா?" தெரியும். முழு ஷட்டருக்கும் ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் தெரியாது.

"திருடனுக்கு வசதி ஆயிடாதா?" ஆகாது. ஒழுங்காகச் செருகிய புதுப் பட்டை பழையதை விட உறுதிதான். ஷட்டரை நெம்புகிறவன் பெரும்பாலும் கீழே நடுவில்தான் நெம்புவான், ஏனென்றால் பூட்டு இரண்டு ஓரத்தில் இருக்கிறது. பயம் இருந்தால் நடுவில் ஒரு பூட்டு போடுங்கள். முழு ஷட்டரும் புதுசாக இருந்து நடுப்பூட்டு இல்லை என்றால் அவனுக்கு அதே வசதிதான்.

இன்னொரு தவறான வழியும் நம்மிடம் உண்டு. பட்டையை மாற்றச் சோம்பல்பட்டு, நெளிந்த இரண்டு பட்டையைச் சேர்த்து வெல்டிங் வைத்துவிடுவது. இதைச் செய்யவே கூடாது. வெல்டிங் வைத்த இடம் மடங்காது. மடங்காத இடம் பைப்பில் சுருளாது. இழுத்து இழுத்துப் பக்கத்துப் பட்டையையும் கெடுக்கும். சிக்கனம் வேறு, அரைகுறை வேலை வேறு.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது, வரி விடாமல் படியுங்கள். 18 கேஜ் கணக்கில் பத்துக்கு எட்டடி ஷட்டரில் தகடு மட்டும் 70 கிலோவுக்கு மேல் வரும். சுருளும் அடிப்பட்டையும் சேர்ந்தால் நூறை நெருங்கும். இவ்வளவு பாரத்தை நீங்கள் ஒரு கையால் தூக்குகிறீர்கள் என்றால் மேலே பைப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் உங்களோடு சேர்ந்து தூக்குகிறது என்று பொருள். ஷட்டரை இறக்க இறக்க ஸ்பிரிங் முறுக்கேறும். அந்த முறுக்கை இறக்காமல் பைப்பில் கை வைத்தால் கை போகும். ஆகவே நீங்களாக ஸ்பானர் எடுக்காதீர்கள். பட்டை நெளிந்தபின் ஆள் வரும்வரை ஷட்டரை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டாம். திடீரென்று ஷட்டர் வழக்கத்தை விடக் கனத்தால் ஸ்பிரிங் போய்விட்டது என்று கொள்ளுங்கள். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து போகும் பழக்கத்தைப் பெரியவர்கள் விட்டால்தான் பிள்ளைகளும் விடுவார்கள்.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். இதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது.

அந்த ஷட்டருக்கு வயது பதினெட்டு. மொத்தம் 34 பட்டை. அடிபட்டது ஐந்து. பட்டைக் கணக்கில் 28,000 ரூபாயைப் பங்கு போட்டால்கூட ஐந்து பட்டைக்கு வருவது 4,118 ரூபாய்தான். சேனலும் கூலியும் சேர்ந்து 6,500 என்பது நியாயமான தொகை. மாணவர் தர வேண்டியது அந்த 6,500. வண்டி அவர் கடைக்கு வந்தது, ஆகவே அதை அவர் தட்டிக்கழிக்க முடியாது; அவர் தட்டிக்கழிக்கவும் இல்லை. மீதி 21,500 என்பது பதினெட்டு வருட வெயில், மழை, துரு இவற்றின் விலை. அதை ஒரு நாள் இடித்த வண்டியின் தலையில் ஏற்றக் கூடாது. சொந்தக்காரருக்குப் புது ஷட்டர்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடட்டும், அது அவர் சொத்து. 6,500ஐ மாணவரிடம் வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தன் கையிலிருந்து போடட்டும். பழைய ஷட்டரை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டு வரும் பணமும் அவருக்கே.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்லும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கடைகளுக்கும் அது பொருந்தும். இடத்தை ஒப்பந்தம் தொடங்கியபோது இருந்த நிலையில் வைத்திருக்க வேண்டும், இயல்பான தேய்மானம் நீங்கலாக என்கிறது. அந்த "நீங்கலாக" என்ற சொல்லைத்தான் நம் ஊரில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். வாடகை என்று மாதாமாதம் வாங்குவதில் தேய்மானத்துக்கான காசும் அடக்கம்.

அட்வான்ஸ் என்பது சொந்தக்காரரின் சேமிப்பு இல்லை, இன்னொருவரின் முதல் என்பதையும் உறவுகள் நினைவில் வைக்க வேண்டும். சின்னக் கடைக்காரருக்கு 21,500 ரூபாய் என்பது ஒரு தீபாவளிச் சரக்கு. ஏழு வருடம் தேதி தவறாமல் வாடகை தந்தவரை ஒரு ஷட்டருக்காக அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டிப் போட்டால் எத்தனை மாத வாடகை போகும் என்று தம்பியும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடைச் சாவி வாங்கும் அன்றே ஷட்டர், சேனல், பூட்டு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவையுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். ஷட்டர் பராமரிப்பு யார் பொறுப்பு என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். சேனலைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். கிரீஸை அள்ளி அப்பினால் தெருப்புழுதி ஒட்டிக்கொண்டு பசையாகிவிடும். சரக்கு வண்டி பின்னால் வரும்போது ஒரு ஆள் நின்று கை காட்டட்டும். ஒரு நிமிட வேலை, 6,500 ரூபாய் மிச்சம்.

கடைசியாக, பட்டை மாற்றித் தரும் ஃபிட்டரிடம் பேரம் பேசி நோகடிக்காதீர்கள். புதுசு விற்பதில் கிடைக்கும் லாபம் பழுது பார்ப்பதில் அவருக்குக் கிடையாது. கூலி குறைந்தால் அவரும் "முழுசா மாத்திடுங்க" என்று சொல்லப் பழகிக்கொள்வார். அப்புறம் பட்டை மாற்றத் தெரிந்த ஆளே ஊரில் இருக்க மாட்டார்.

என் தீர்ப்பு இவ்வளவுதான். தம்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். சேனலை அளந்து பார்த்து, பட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்